புள்ளியிழந்த பக்கங்கள்

சென்ற ஆண்டு மாரிகாலத்தில், விடிவதற்கு முன்னரே தொலைபேசி அடித்தது. வேறொரு நகரத்தில் இரவுவேலை முடித்து வந்த நண்பர்.

“அண்ணை, உங்கட தளத்திலை தமிழைக் காணேல்லை. டொலர் குறியும் அடைப்புக்குறியுமா என்னவோ கணக்கு நிக்குது. இடையிலை ஆக்களின்ரை பேரும் கிடக்குது. கெதியாப் பாருங்கோ.”

நண்பர் கண்டது எமது ஆவணத் தளத்தின் பக்கத்தையல்ல, அந்தப் பக்கத்தை ஆக்கித் தருகின்ற நிரலை. குசினிக்குள் இருக்கவேண்டிய குறிப்புக் கொப்பி விருந்தாளியின் இலைக்கு வந்துவிட்டது. அந்தக் கொப்பியின் ஓரத்தில் நான் எழுதிவைத்திருந்தவைதான் அந்தப் பெயர்கள்.

இக்கட்டுரை ஒரு தொழில்நுட்பப் பழுதைப் பற்றியது. இலக்கியமும் அரசியலும் பேசுகின்ற இதழில் இதற்கென்ன இடம் என்று கேட்கக்கூடும். தூண்டில் ஜேர்மனியிலிருந்தும் சுவடுகள் நோர்வேயிலிருந்தும் மனிதம் சுவிஸிலிருந்தும் எக்ஸில் பிரான்சிலிருந்தும் வந்த காலத்தில் எமது விவாதங்கள் தாளில் இருந்தன. இன்று அவை சேர்வர்களில் இருக்கின்றன. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் போன்ற கூட்டுமுயற்சி பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் அதற்கு வெளியே, என்னைப்போல ஓய்வுநேரத்தில் ஒருவர் இருவர் நடத்துகின்ற சிறு தளங்களும் உள்ளன. அவை எப்படிப் பழுதாகின்றன என்பது அவற்றில் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விடயம் என்றே கருதுகிறேன்.

முதலில் அந்த நிரல் எப்படி வெளியே வந்தது என்று பார்ப்போம்.

எமது தளம் இயங்குவது அப்பாச்சி என்னும் சேர்வரில். 1995இல் வெளிவந்தது. (எங்கள் ஊர்க்காரருக்கு அந்தப் பெயரைக் கேட்டால் தகப்பனின் தாயார்தான் நினைவுக்கு வருவார். பொருத்தமில்லாத பெயரென்று சொல்லமாட்டேன்: கேட்டதை எல்லாம் எடுத்துத் தருவார், எதைத் தரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.) ஆரம்பத்தில் சேர்வருக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கேட்ட கோப்பை எடுத்து அனுப்பும். பக்கம் ஒன்றைக் கணக்கிட்டு உருவாக்க வேண்டுமானால், ஒவ்வொரு தடவையும் வெளியே ஒரு நிரலைப் புதிதாக எழுப்பி, அது வேலை முடித்துப் படுத்த பின்னர் விடையை வாங்கி அனுப்ப வேண்டும். இது மந்தமான முறை. 1996இல் பேர்ள் மொழியைச் சேர்வருக்குள்ளேயே குடியிருத்துகின்ற மொடியூல் வந்தது. 1995இல் தோன்றிய பி.எச்.பி. மொழியும் அவ்வாறே மொடியூலாகச் சேர்வருக்குள் புகுந்தது. இன்று சிறு தளங்களில் ஏராளமானவை இந்த மொழியில் ஓடுகின்றன.

இங்கே கவனிக்கவேண்டியது, சேர்வருக்குத் தானாக எதுவும் விளங்காது என்பதுதான். இந்த வால் கொண்ட கோப்பு வந்தால் இன்ன மொடியூலிடம் கொடு என்று யாரோ ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால், அல்லது அது சொல்லும் மொடியூல் அங்கே இல்லாவிட்டால், சேர்வர் தன் பழைய தொழிலுக்குத் திரும்பிவிடும். கோப்பை எடுத்து அப்படியே அனுப்பும். பிழைச்செய்தி எதுவும் வராது. சேர்வரைப் பொறுத்தவரை அது தன் கடமையைச் செய்துவிட்டது.

அந்த வரியை எழுதியவன் நான். பல வருடங்களுக்கு முன் எமது கோப்புறையின் அமைப்புக் கோப்பில், பி.எச்.பி. ஐந்தாம் பதிப்பின் கையாளுநரைப் பெயர் குறிப்பிட்டே அழைத்திருந்தேன். ஐந்தாம் பதிப்பின் கடைசிக் கிளைக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசெம்பர் இறுதியோடு நின்றுவிட்டன. அதன் பின்னும் எமது சேர்வர் வாடகைக்காரர்கள் அதை வைத்திருந்தார்கள். சென்ற மாரியில் அகற்றப்போவதாக முன்னறிவித்தலும் அனுப்பினார்கள். நானும் நிரல்களைத் திருத்தினேன். ஆனால் அமைப்புக் கோப்பிலிருந்த அந்த ஒரு வரியைத் திருத்தவில்லை. ஐந்து போன இரவில், என் வரி இல்லாத ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றது.

அதே கோப்பில் இன்னொரு பொறியும் இருந்தது. ‘இந்த மொடியூல் இருந்தால் மட்டும் பின்வருவனவற்றைச் செய்’ என்ற நிபந்தனை வரிகளை அப்பாச்சியில் எழுதலாம். கையேடுகள் இதை முன்னெச்சரிக்கை என்று புகழும். எனது நிபந்தனையும் ஐந்தாம் பதிப்பின் மொடியூலின் பெயரில்தான் இருந்தது. ஏழாம் பதிப்பில் மொடியூலின் பெயர் மாறியது, எட்டாம் பதிப்பில் திரும்பவும் மாறியது. நிபந்தனை பொய்யானதும் அதற்குள் இருந்த அத்தனை அமைப்புகளும் சத்தமில்லாமல் கைவிடப்பட்டன. அவற்றுள் எழுத்துக்குறி அமைப்பும் ஒன்று. நிபந்தனை போடாமல் விட்டிருந்தால் சேர்வர் 500 என்ற இலக்கத்தோடு கதவை இழுத்துச் சாத்தியிருக்கும். எவரும் எதையும் பார்த்திருக்கமாட்டார்கள். முறிந்தால் சத்தத்தோடு முறிவதே நல்லது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இனிப் பெயர்கள் பற்றி. தொண்ணூறுகளில் எமது சஞ்சிகைகளில் எழுதியோரில் பலர் புனைபெயரில் எழுதினர். இலக்கிய ஆசையால் மட்டும் சூடியவையல்ல அவை. 1994 மே 1ஆம் திகதி பாரிசில் சபாலிங்கம் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, புகலிடத்தில் மாற்றுக்கருத்தை எழுதுவதன் விலை என்னவென்று எவருக்கும் விளக்கவேண்டி இருக்கவில்லை. ஒரே ஆள் மூன்று பெயரில் எழுதுவதும், ஊரில் இருக்கும் தாய்தகப்பனை நினைத்து ஒரு பெயரைக் கைவிட்டு இன்னொன்றுக்குப் போவதும் வழமை. ஆவணத் தளத்தில் ஆசிரியர் அகரவரிசை செய்தபோது, எந்தப் பெயரும் எந்தப் பெயரும் ஒரே ஆள் என்று எனக்கே மறந்துபோகக்கூடாதென்று, நிரலின் ஓரத்தில் குறிப்பு வரிகளாக உண்மைப் பெயர்களை எழுதிவைத்தேன். நிரல் ஓடும்போது குறிப்பு வரிகள் வெளியே வரா. நிரல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்றே நம்பியிருந்தேன்.

சேர்வரின் வருகைப் பதிவேட்டை வாசித்துப் பார்த்தேன். ஆறு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாக அந்தப் பக்கம் திறந்து கிடந்திருக்கிறது. வந்தவர்களில் மனிதர்கள் குறைவு. ஆனால் தேடுபொறி ஒன்றின் ஊர்வான் வந்து முழுவதையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. அந்த நிறுவனத்துக்கு எழுதி, தேக்கத்திலிருந்து நீக்கச் செய்ய நான்கு நாளாயிற்று. பிறகு குறிப்பில் இருந்த பதினொரு பேரில் உயிரோடிருக்கும் எட்டுப் பேருக்கும் நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். ஒருவர், “இப்ப ஆருக்கு நேரமிருக்கு என்னைச் சுட?” என்று சிரித்தார். இன்னொருவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், தன் பிள்ளைகளுக்கே அந்தப் பெயர் தெரியாது என்றார்.

இப்போது குறிப்புகள் சேர்வரிலேயே இல்லை. தரவுத்தளத்தின் கடவுச்சொல் உள்ள கோப்பு, வெளியுலகுக்குத் திறந்திருக்கும் கோப்புறைக்கு ஒரு படி மேலே வைக்கப்பட்டுள்ளது. மொடியூல் செத்தாலும் அந்தக் கோப்பை முகவரி கொடுத்துக் கேட்க முடியாது. இது முதல்நாளே செய்திருக்க வேண்டிய வேலை. வேறு எவரும் இதுபோன்ற தளம் வைத்திருந்தால், இந்தப் பந்தியை வாசித்த கையோடு போய்ப் பார்க்கவும்.

பழுதான வரியைத் திருத்தியதும் பக்கங்கள் திரும்ப வந்தன. ஆனால் தமிழ் வரவில்லை.

தமிழ் இருக்கவேண்டிய இடத்தில், தலையில் கோடு போட்ட சிறிய ‘ஏ’ எழுத்தும், வட்டத்துக்குள் ‘ஆர்’ என்ற வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறி நின்றன. எமது மொழியை எவரோ பதிவுசெய்து முத்திரை குத்திவிட்டார்கள் போல. ஜேர்மனியர் இதை ‘சைக்கன்சலாட்’ என்பார்கள், எழுத்துச் சலாது. அவர்களுக்கும் பழக்கமானதுதான். பொதிகளின் முகவரிச் சீட்டுகளில் புள்ளி வைத்த ‘யூ’வுக்குப் பதிலாக வேறு இரண்டு குறிகள் நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஜேர்மன் மொழியின் உம்லவுட் எழுத்துகள் எல்லாம் லத்தீன்-1 என்ற 256 இடங்கள் கொண்ட பழைய அட்டவணைக்குள் அடங்கிவிடும். ஆகவே மேற்கு ஐரோப்பியச் சேர்வர்களில் எவரும் எதுவும் சொல்லாவிட்டால் லத்தீன்-1 என்பதே நெடுங்காலம் வழக்காக இருந்தது. அவர்களுக்கு அது வழக்காகத் தெரிந்ததுமில்லை. கண்ணாடி போட்டவர் கண்ணாடியைப் பார்ப்பதில்லை.

அப்பாச்சியின் பங்கும் இதில் உண்டு. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிறர் தளங்களில் தீய நிரல்களைச் செருகும் தாக்குதல் பற்றிப் பரவலாக எச்சரிக்கப்பட்டபோது, எழுத்துக்குறி அட்டவணையின் பெயரைச் சேர்வரே ஒவ்வொரு பக்கத்தின் முன்தலைப்பிலும் அறிவிக்கும் கட்டளை அப்பாச்சியில் சேர்க்கப்பட்டது. சில பதிப்புகளில் லத்தீன்-1 என்பது அதிலே முன்கூட்டியே எழுதப்பட்டு வந்தது. பக்கத்துக்குள் எழுதியவர் என்ன அறிவித்திருந்தாலும் முன்தலைப்பே வெல்லும். கடிதத்துக்குள் ‘இது தமிழ்’ என்று எழுதியிருந்தாலும், உறையில் ‘லத்தீன்’ என்று இருந்தால் தபாற்காரன் உறையைத்தான் நம்புவான். திஸ்கியில் செய்யப்பட்ட பக்கங்கள் ‘பயனர் வரையறுத்தது’ என்ற பெயரைப் பக்கத்துக்குள் சுமந்து வந்தவை. எமது நண்பர்கள் சிலர் எழுத்துருவையும் உலாவியையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்த அந்நாட்களில், குற்றவாளி பெரும்பாலும் இந்த உறையாகவே இருந்திருக்க வேண்டும். பாமினி மட்டும் தப்பியது. அது ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலேயே தமிழை உட்கார்த்தி வைத்திருந்தது. பாமினியில் ‘தமிழ்’ என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். எந்தச் சேர்வருக்கும் அது ஆங்கிலம். மாறுவேடத்தில் எல்லை கடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் எனது தளத்தில் உறை சரியாகவே இருந்தது. பழுது இன்னும் உள்ளே.

ஒரு தமிழ் எழுத்து வாசகரின் திரைக்கு வரும் வழியில் குறைந்தது ஐந்து கைகள் மாறுகிறது. தரவுத்தளத்தில் கிடக்கும் பைற்றுகள், அவற்றின்மேல் ஒட்டப்பட்ட அட்டவணைப் பெயர், தரவுத்தளத்துக்கும் நிரலுக்கும் இடையிலான இணைப்பு, நிரல், சேர்வரின் முன்தலைப்பு. எந்தக் கையில் கெட்டது என்று அறியாமல் எதையும் திருத்தக்கூடாது. அறியும் வழி எளியது. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்து, அதில் எத்தனை எழுத்துக்குறிகள் என்று தரவுத்தளத்தையே கேட்டேன். த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என ஐந்து என்று சொல்லியிருக்க வேண்டும். 15 என்றது. யூ.ரி.எவ்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைற்றுகள். ஆகவே பைற்றுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, பெயர்ச்சீட்டு மட்டும் பிழை.

பிழையின் கதை இதுதான். மை எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தை ஆக்கியது ஒரு சுவீடன் நிறுவனம். 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, எவரும் வேறு சொல்லாவிட்டால் அதன் அட்டவணை லத்தீன்-1, அதன் அகரவரிசை சுவீடிஷ். பதினைந்து வருடங்களுக்கு முன் நான் எதுவும் சொல்லவில்லை. ஆகவே எமது நாற்பத்துமூன்று இதழ்களும் சுவீடிஷ் என்ற பெயரில் உள்ளே போயின. பழைய இணைப்பும் லத்தீன்-1 என்றே நடித்தது. பிழையாகப் போனது அதே பிழையால் சரியாக வெளியே வந்தது. புதிய நிரலின் இணைப்பு தன்னை யூ.ரி.எவ்-8 என்று நேர்மையாக அறிவித்ததும், தரவுத்தளம் ஒவ்வொரு பைற்றையும் தனி லத்தீன் எழுத்தென்று எண்ணி மொழிபெயர்த்துக் கொடுத்தது. இரண்டு பொய்களில் ஒன்று திருந்தினால் மற்றது அம்பலத்துக்கு வரும்.

இவ்வளவையும் நான் அறிந்தது பிறகு. அன்றைக்கு அவசரம். பெயர்கள் வெளியே போன பதற்றத்தில் நித்திரையும் இல்லை. முழுத் தரவையும் இறக்கி, விண்டோஸ்-1252 அட்டவணைவழியே பின்னோக்கி மாற்றும் கருவியில் இட்டேன். மாற்ற முடியாத குறிகள் இருப்பதாக அது முறைப்பட்டது. ‘அவற்றைப் பொருட்படுத்தாதே’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். முறைப்பாடு நின்றது. திரையில் தமிழ் தெரிந்தது. இடையிடையே நின்ற கேள்விக்குறிக் கட்டங்களையும் அதே கருவியாற் கழுவினேன். பழைய தரவின்மேல் புதியதை ஏற்றிவிட்டுப் படுக்கப் போனேன்.

விண்டோஸ்-1252 அட்டவணையில் 256 இடங்களில் ஐந்து காலி: 129, 141, 143, 144, 157. தமிழ்க் குறிகளின் மூன்றாவது பைற்றுகளில் முதல் நான்கும் வருகின்றன. 129 உகரக் குறி. 141 புள்ளி. 143 ஏ. 144 ஐ. நான் பொருட்படுத்தாதே என்று சொன்னது இந்த நான்கையும்தான்.

எங்கள் ஆவணத்தில் ஒரு புள்ளியும் மிஞ்சவில்லை. ‘ஐரோப்பா’ ‘ரோபபா’ ஆனது. ‘ஜேர்மனி’ ‘ஜேரமனி’ ஆனது. ‘ஏதிலி’ என்ற சொல் ‘திலி’ என்று தலையிழந்து நின்றது. ‘அகதி’க்கு மட்டும் ஒரு கீறலும் விழவில்லை. ‘விடுதலை’ ‘விடதலை’. ‘முஸ்லிம்’ ‘மஸலிம’. எல்லாவற்றிலும் பொல்லாதது, ‘புலி’ என்று அச்சிட்ட இடமெல்லாம் ‘பலி’ என்று ஆகியிருந்தது.

ஏட்டுச்சுவடியில் புள்ளி இடும் வழக்கம் இருக்கவில்லை, தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் பொருளறிந்தே புள்ளி இட்டார்கள், ஆகவே நாமும் இட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் ஆறுதல் சொன்னார். புள்ளியைப் பொறுத்தவரை பெரிதும் உண்மை. ‘வநதான’ என்று கிடந்தால் ‘வந்தான்’ என்று எவரும் அறிவர். சிறு நிரல் ஒன்றே சொற்பட்டியலை வைத்துப் பெரும்பகுதியை மீட்டுத் தந்தது. ஆனால் உகரம் அப்படியல்ல. எமது இதழ்களில் நடந்த விவாதங்களே இயக்கங்களையும் உயிரிழப்பையும் பற்றியவை. ‘பலிகளின் அரசியல்’ என்று திரையில் கிடக்கும் தொடரை எழுதியவர் எதை எழுதினார்? வாக்கியத்துக்கு இரண்டும் பொருந்தும். ஒன்றைத் தெரிவுசெய்தால், முப்பது வருடங்களுக்கு முன் ஒருவர் உயிரைப் பணயம் வைத்து எழுதிய கருத்தை நான் மாற்றி எழுதியவனாவேன். இதை ஊகத்துக்கு விட முடியாது. தாளுக்குத்தான் திரும்பவேண்டும்.

செய்திருக்க வேண்டியது வேறு. மை எஸ்.கியூ.எல். லத்தீன்-1 என்று அழைப்பது உண்மையில் விண்டோஸ்-1252தான், ஆனால் அந்த ஐந்து காலி இடங்களையும் அது சேதமின்றிக் கடத்திவிடும். ஆகவே வெளிக் கருவிகளிடம் போகாமல், தரவுத்தளத்துக்குள்ளேயே அந்த நிரலை முதலில் அட்டவணைப் பெயரே இல்லாத வெறும் பைற்றுகளாக மாற்றி, பின்பு யூ.ரி.எவ்-8 என்று பெயரிட்டிருந்தால் ஒன்றும் தொலைந்திராது. இரண்டே கட்டளை. சில வினாடி வேலை. அதற்கு முன் ஒரு பிரதி எடுத்திருந்தால் அந்த வேலையே பின்பும் செய்திருக்கலாம். வாடகைச் சேர்வரின் தானியங்கிப் பிரதிகள் பதினான்கு நாட்கள்தான் வைக்கப்படும். புள்ளிகளைக் காணவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியது பத்தொன்பதாம் நாள். அதுவரை நான் முகப்பை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தேன். முகப்பு படமாக இருந்தது.

பதிவேடு பற்றியும் ஒரு சொல். வருகைப் பதிவேடுதான் எனக்கு யார் வந்தார் என்று காட்டிக்கொடுத்தது. அதே பதிவேடு எமது வாசகர்களையும் காட்டிக்கொடுக்கும். மாறுகின்ற இணைய முகவரியும் தளம் நடத்துபவரின் கையில் தனிநபர் தரவாகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016 ஒக்டோபரில் தீர்த்தது. வழக்கு ஜேர்மன் அரசின் தளங்களுக்கு எதிரானது. இப்போது முகவரியின் கடைசிப் பகுதியை மறைத்து, ஏழு நாள் மட்டுமே வைக்கிறேன். மறுபுறம், முழுவதும் தனிப்பட்ட அல்லது குடும்பத் தேவைக்கல்லாத எந்தத் தளமும் நடத்துபவரின் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டுமென்று மாநிலங்களின் ஊடக ஒப்பந்தத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே இம்பிரசும் பக்கத்தில் என் வீட்டு இலக்கம் நிற்கிறது. எழுதியவர்கள் புனைபெயருக்குள் இருக்கலாம், காவல்காரனுக்கு அந்த வசதி இல்லை. இதில் எனக்கு மனக்குறை இல்லை, தொண்ணூறுகளில் எவரும் இதற்கு முன்வந்திருப்பாரா என்பதில் சந்தேகம் உண்டு.

நாற்பத்துமூன்று இதழ்களில் முப்பத்தேழு இப்போது அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டுள்ளன. தன் பிள்ளைகளுக்கே தன் புனைபெயர் தெரியாது என்றவர்தான் அவற்றில் பாதிக்கு மேல் ஒப்புநோக்கியவர். கேட்காமலே வந்தார். ஏனென்று நான் விசாரிக்கவில்லை. மிகுதி ஆறில் ஐந்துக்குப் பிரதி கிடைத்துவிட்டது. 1993 மார்கழி இதழ் மட்டும் எம்மிடம் இருப்பது போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி. 31ஆம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் உகரக் கால்கள் மைக்கறையோடு கலந்துவிட்டன. எழுதியவரைக் கேட்கலாமென்றால் அவர் 2009இல் காலமாகிவிட்டார். அந்த இதழின் தெளிவான பிரதி எவரிடமாவது இருந்தால், அந்த ஒரு பக்கத்தையாவது ஆசிரியர் குழுவின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். தபாற்செலவு எம்முடையது.